பனகல் அரசர்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், நீதிக்கட்சி வரலாற்றைப் புதிதாகப் புரட்டுபவர்கள், தியாகராய நகரில் பூங்காவைத் தாண்டிப் போகும்போது பெயரைப் பார்த்து யோசிப்பவர்கள் என்று பலரும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள் இருக்கின்றன. முதல் சில எளியவை, போகப்போகச் சிக்கலாகும். 6-ஆம் கேள்வியை மட்டும் தாண்டிவிட வேண்டாம். பின்னால் வரும் பாதிக் குழப்பங்கள் அங்கேதான் அவிழும்.

1. பனகல் அரசர்னா யாரு? பூங்கா பேரைத் தவிர வேற எங்கயும் கேள்விப்பட்டதில்லையே?

சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக (இன்றைய வழக்கில் முதலமைச்சர்) 1921 ஜூலை 11 முதல் 1926 டிசம்பர் 3 வரை இருந்தவர். இயற்பெயர் பனகன்டி ராமராயநிங்கார். நீதிக்கட்சி என்று எல்லோரும் அழைத்த தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர். 1925-இல் சர் பிட்டி தியாகராயர் மறைந்த பிறகு கட்சித் தலைமையும் இவரிடம் வந்தது. 1928 டிசம்பர் 16-இல் இறக்கும்வரை அது இவரிடமே இருந்தது.

ஐந்து ஆண்டு ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவான காலம். 1920 தொடங்கி 1937 வரை நீடித்த இரட்டையாட்சிக் காலத்தில் (6-ஐப் பார்க்க) சென்னையில் அவ்வளவு நாள் இடைவிடாமல் பதவியில் இருந்தவர் வேறு யாருமில்லை.

2. அரசர்னு சொல்றாங்களே, எந்த நாட்டுக்கு ராஜா?

எந்த நாட்டுக்கும் இல்லை. அவர் ஜமீன் குடும்பத்தவர். ‘பனகல் ராஜா’ என்பது அவர் பதவியில் இருக்கும்போது பிரிட்டிஷ் அரசு கொடுத்த பட்டம். 1926-இல் ‘சர்’ பட்டமும் வந்தது. ஆகவே 1922-க்கு முந்தைய ஆவணங்களில் ‘பனகல்’ என்று தேடினால் ஆள் கிடைக்கமாட்டார், ராமராயநிங்கார் என்று தேட வேண்டும். புதிதாக ஆராய்ச்சிக்கு வருபவர்கள் முதலில் இடறும் கல் இது.

3. அவர் தெலுங்கரா, தமிழரா?

தெலுங்கர். 1866 ஜூலை 9-இல் காளகஸ்தியில் பிறந்தார். வெலமா சமூகம். அப்போது காளகஸ்தி வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் மாவட்டம் 1911-இல்தான் உருவானது. இன்றைய ஆந்திரக் கடலோரம், ராயலசீமை, மலபார், தென்கன்னடம் எல்லாமே ஒரே மாகாணம் என்பதை மறந்துவிட்டு, ‘தமிழ்நாட்டை ஆண்ட தெலுங்கர்’ என்று இன்றைய வரைபடத்தை வைத்துப் பேசினால் கணக்கு உதைக்கும்.

ஆனால் அந்தக் காலத்திலேயே இது பிரச்சினையாகவும் வெடித்தது. அதை 15-ஆம் கேள்வியில் பாருங்கள்.

4. மந்திரியாவதற்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தார்?

திருவல்லிக்கேணியில் பள்ளிப்படிப்பு. 1886-இல் மெட்ரிகுலேஷன். மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதம் எடுத்து 1893-இல் பி.ஏ., பிறகு 1899-இல் எம்.ஏ. பிராமணரல்லாதார் கட்சியின் தலைவர் சமஸ்கிருதப் பட்டதாரி என்பது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அன்றைய ஜமீன் வீடுகளில் அது ஆச்சரியமில்லை.

1912 முதல் 1915 வரை டெல்லியில் இம்பீரியல் சட்டமன்றத்தில் தென்னிந்திய நிலக்கிழார்களின் பிரதிநிதி. 1917-இல் நீதிக்கட்சி. 1919-இல் இரட்டையாட்சியைக் கொண்டுவந்த சீர்திருத்தச் சட்டம் லண்டனில் பரிசீலனையில் இருந்தபோது, பிராமணரல்லாதாருக்குத் தனி இடங்கள் வேண்டும் என்று நாடாளுமன்றக் கூட்டுக்குழு முன் சாட்சியம் சொல்லப் போனவர்களில் இவரும் ஒருவர். கே.வி. ரெட்டி நாயுடுவும் போனார். கேட்டது அப்படியே கிடைக்கவில்லை, ஆனால் 28 இடங்கள் பிராமணரல்லாதாருக்கு ஒதுக்கப்பட்டன.

5. முதல் முதலமைச்சர் சுப்பராயலு ரெட்டியார்னு ஒரு புத்தகத்துல இருக்கு, பனகல்னு இன்னொண்ணுல இருக்கு. எது சரி?

ஏ. சுப்பராயலு ரெட்டியார்தான் முதலாமவர். 1920 டிசம்பர் 17-இல் பதவியேற்றார், உடல்நலக் குறைவால் 1921 ஜூலையில் விலகினார், அதே ஆண்டு காலமானார். அந்த அமைச்சரவையில் ராமராயநிங்கார் உள்ளாட்சி மந்திரி, கே.வி. ரெட்டி நாயுடு வளர்ச்சித் துறை மந்திரி. ரெட்டியார் விலகியதும் ராமராயநிங்கார் முதல் மந்திரியானார். காலியான இடத்துக்கு ஏ.பி. பாத்ரோ வந்து கல்வித் துறையைப் பார்த்தார்.

தியாகராயர் ஏன் ஆகவில்லை என்பது இதன் நிழலாகவே வரும் கேள்வி. ஆளுநர் வெலிங்டன் முதலில் அழைத்தது அவரைத்தான். அவர் பதவி வேண்டாம் என்று சொல்லி ரெட்டியாரைக் கைகாட்டினார்.

இன்னொரு நுணுக்கம்: 1919 சட்டத்தில் ‘முதலமைச்சர்’ என்று ஒரு பதவியே எழுதப்படவில்லை. ஆளுநர் மந்திரிகளை நியமிப்பார் என்பதோடு சட்டம் நின்றுவிடும். பெரும்பான்மைக் கட்சித் தலைவரை அழைத்து, அவர் சொல்பவர்களை மற்ற மந்திரிகளாக்குவது வெலிங்டன் சென்னையில் ஏற்படுத்திய வழக்கம்.

6. இரட்டையாட்சின்னா என்ன? அவர் கையில உண்மையா என்னதான் இருந்துச்சு?

மாகாண அரசை நடுவில் கோடு போட்டுப் பிரித்தார்கள். ஒரு பக்கம் ‘ஒதுக்கப்பட்ட துறைகள்’: நிதி, நிலவரி, பாசனம், போலீஸ், நீதி நிர்வாகம், சிறை. இவற்றை ஆளுநரும் அவருடைய நிர்வாகக் குழு உறுப்பினர்களும் பார்த்தார்கள். சட்டமன்றம் கேள்வி கேட்கலாம், கவிழ்க்க முடியாது. மறுபக்கம் ‘மாற்றப்பட்ட துறைகள்’: உள்ளாட்சி, கல்வி, பொதுச் சுகாதாரம், மருத்துவம், விவசாயம், தொழில், கலால், பதிவுத்துறை, அறக்கட்டளைகள். இவைதான் மந்திரிகளுடையவை.

ஆக, பள்ளிக்கூடம் கட்டுவது மந்திரி பொறுப்பு, அதற்குப் பணம் ஒதுக்குவது நிதி உறுப்பினர் கையில். போதாததற்கு, தக்க காரணம் இருந்தால் மந்திரி சொன்னதை ஆளுநர் மீறலாம் என்றும் சட்டம் சொன்னது. பனகலைப் புகழ்வதானாலும் திட்டுவதானாலும், அந்த விஷயம் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதை முதலில் பாருங்கள். முக்கால்வாசிச் சண்டை அங்கேயே தீரும்.

கையில் இருந்தவற்றில் கனமானது உள்ளாட்சிதான். முதல் மந்திரியான பிறகும் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். தாலுகா போர்டு, ஜில்லா போர்டு, நகராட்சிகளில் நியமன உறுப்பினர்களைப் போடும் அதிகாரம் அந்தத் துறையில் இருந்தது. கிராமச் சாலை, மருத்துவமனை, தொடக்கப்பள்ளி எல்லாம் அந்த போர்டுகள் வழியாகத்தான் நடந்தன. ஊர்ப் பெரிய மனிதர்கள் ஏன் சென்னைக்கு வந்து இவர் வீட்டு வாசலில் காத்திருந்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. எதிரிகள் இதைத்தான் ‘பதவி வியாபாரம்’ என்று தாக்கினார்கள். அந்தத் தாக்குதலில் நியாயம் கொஞ்சம் இருந்தது.

7. அப்போ எல்லாருக்கும் ஓட்டு இருந்துச்சா?

இல்லை. நிலவரி, வீட்டுவரி, வருமானவரி என்று ஏதோ ஒரு வரி அல்லது சொத்துத் தகுதி வேண்டும். சுமார் 4 கோடி பேர் வாழ்ந்த மாகாணத்தில் 1920-இல் வாக்காளர்கள் சுமார் 12.5 லட்சம். அவர்களிலும் நான்கில் ஒருவர்தான் வாக்களித்தார். காந்தியின் ஒத்துழையாமைத் தீர்மானத்தால் காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்திருந்தது.

தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள் 98. நீதிக்கட்சிக்கு 1920-இல் கிடைத்தவை 63, 1923-இல் 44, 1926-இல் 21. எண்கள் இறங்கிய வேகத்தை மனதில் வைத்துக்கொண்டால் பிற்பகுதி புரியும்.

8. பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது பனகல் அரசா?

தீர்மானம் நிறைவேறியது 1921 ஏப்ரல் 1-இல். அப்போது முதல் மந்திரி ரெட்டியார், பனகல் சக மந்திரி. நீதிக்கட்சி ஆட்சிக்காலம் என்று சொன்னால் சரி, பனகல் ஆட்சிக்காலம் என்று சொன்னால் மூன்று மாதம் பிசகு.

1919 சட்டத்தின் விதிகளில் பெண்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் அந்தத் தடையை மாகாண மன்றமே ஒரு தீர்மானத்தால் நீக்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அதைப் பயன்படுத்திய முதல் பிரிட்டிஷ் இந்திய மாகாணம் சென்னை. சொத்துத் தகுதி அப்படியே நீடித்ததால் வாக்குப் பெற்ற பெண்கள் சொற்பம். மன்ற உறுப்பினராகும் உரிமை 1926-இல் வந்தது. அந்தத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் நின்று தோற்றார். முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக உள்ளே வந்தார்.

9. வகுப்புரிமை அரசாணை 1921-ஆ, 1922-ஆ, 1927-ஆ? ஒவ்வொரு கைடுலயும் ஒவ்வொண்ணு போட்டிருக்கே?

அரசு வேலைகளைப் பல சமூகத்தாருக்கும் பகிர்ந்து தருவதற்கான ஆணைகள் இவை. மூன்றும் உண்டு, மூன்றும் வேறு வேறு. முதல் ஆணை எண் 613, 1921 செப்டம்பர் 16. இரண்டாவது எண் 658, 1922 ஆகஸ்ட் 15. இரண்டும் பனகல் காலத்தவை. மூன்றாவது எண் 1071, 1927 நவம்பர் 4, சுப்பராயன் அமைச்சரவைக் காலம். அதைச் செயலுக்குக் கொண்டுவந்தவர் மந்திரி எஸ். முத்தையா முதலியார். அதனால்தான் ‘இடஒதுக்கீட்டைக் கொண்டுவந்தவர் யார்’ என்ற கேள்விக்குப் பனகல், முத்தையா முதலியார் என இரண்டு பெயரும் சுற்றுகின்றன.

கேள்வித்தாளில் ‘முதல் வகுப்புவாரி அரசாணை’ என்றால் 1921. ‘விகிதம் நிர்ணயித்த ஆணை’ என்றால் 1927.

10. 1921 ஆணையிலேயே 44, 16, 16, 16, 8 சதவீதம்னு இருந்துச்சுன்னு படிச்சேனே?

இணையத்தில் அப்படி ஒரு பட்டியல் பரவிக் கிடக்கிறது. 613-ஆம் ஆணையில் சதவீதம் எதுவும் இல்லை. அது செய்தது இரண்டு காரியம். பதவிகளைப் பல சமூகத்தாருக்கும் பகிர்ந்து தர வேண்டும் என்று வருவாய்த் துறையில் ஏற்கெனவே இருந்த நிலையாணையை மற்ற எல்லாத் துறைகளுக்கும் நீட்டியது. கூடவே, ஒவ்வோர் அலுவலகத் தலைவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, புதிதாகச் சேர்த்தவர்களின் கணக்கை ஆறு பிரிவாக அனுப்பச் சொன்னது: பிராமணர், பிராமணரல்லாத இந்துக்கள், இந்தியக் கிறிஸ்தவர், முகமதியர், ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும், மற்றவர்.

வெறும் படிவம்தானே என்று தோன்றும். ஆனால் அதுவரை எந்த ஆபீசில் யார் யார் என்ற கணக்கே மேலிடத்துக்கு முறையாகப் போனதில்லை. கணக்குக் கேட்டதும் சேர்க்கும் கை கொஞ்சம் தயங்கும், அதுதான் அதன் பலம். பலவீனமும் அங்கேயே: கணக்கு மோசமாக வந்தால் என்ன தண்டனை என்று ஆணையில் இல்லை. ஆறு ஆண்டு கழித்துத்தான் 12 பணியிடங்களை ஓர் அலகாக வைத்து, பிராமணரல்லாத இந்துக்கள் 5, பிராமணர் 2, முகமதியர் 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் 2, தாழ்த்தப்பட்டோர் 1 என்று சுழற்சி வந்தது. அந்தச் சதவீதப் பட்டியல் இந்த 12-ஐ வைத்துப் பிற்பாடு யாரோ போட்ட கணக்கு போலிருக்கிறது. போட்டவர் ஆண்டை மாற்றிவிட்டார்.

11. டி.என்.பி.எஸ்.சி.யை ஆரம்பிச்சதும் இவர்தானா?

நேரடியாக இல்லை, வேர் இவர் காலத்தில். 1924-இல் பணியாளர் தேர்வு வாரியம் ஒன்று அமைந்தது. துறைத் தலைவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களை எடுப்பதைக் குறைப்பதுதான் நோக்கம். அதன் அடுத்த கட்டமாக 1929-இல் சட்டப்படியான சென்னை சர்வீஸ் கமிஷன் வந்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். அப்போது பனகல் உயிரோடு இல்லை.

12. கோயிலை அரசாங்கம் எடுத்துக்கிட்டது பனகல் சட்டத்தாலதானே?

‘எடுத்துக்கொண்டது’ என்ற சொல்லில்தான் தகராறு. முன்கதை தெரிய வேண்டும். 1817-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை 7-இன்படி கோயில் நிர்வாகத்தை வருவாய் வாரியம் மேற்பார்த்தது. இந்துக் கோயிலைக் கிறிஸ்தவ அரசு நடத்துவதா என்று பாதிரிமார்கள் எழுப்பிய கூச்சலில் கம்பெனி கையை விலக்கிக்கொண்டது. 1863-இல் 20-ஆம் சட்டம் வந்து கோயில்களை உள்ளூர்க் கமிட்டிகளிடம் விட்டது. கமிட்டி உறுப்பினர் பதவி ஆயுளுக்கும். தப்பு செய்தால் நீக்க சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். வழக்கு முடிவதற்குள் நிலமும் நகையும் போய்விடும். நிலத்தைக் குறைந்த குத்தகைக்குத் தங்கள் உறவினர்களுக்கே விடுவது, கணக்கே எழுதாமல் இருப்பது, இவையெல்லாம் அன்றைய புகார்கள்.

பனகல் 1922 டிசம்பரில் கொண்டுவந்த மசோதா இந்த ஓட்டையைத்தான் குறிவைத்தது. ஒரு தலைவரும் சில ஆணையர்களும் கொண்ட வாரியம், கணக்குத் தணிக்கை, தர்மகர்த்தாக்கள் மேல் மேற்பார்வை. செலவுக்குக் கோயில்களே ஒரு பங்கு கட்ட வேண்டும். சடங்கு, பூசை முறைகளை மாற்றும் நோக்கம் மசோதாவில் இல்லை. வாரியத்தின் முதல் தலைவராக வந்தவர் உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி சர் டி. சதாசிவ ஐயர். பிராமணர்களை விரட்டவே வந்த சட்டம் என்று வாதாடியவர்களுக்கு அந்த நியமனம் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். வாரியம் போய் அரசுத் துறையே வந்தது 1951 சட்டத்தில். இன்று நடைமுறையில் இருப்பது 1959 சட்டம். இன்றைய துறையோடு உள்ள சண்டையை முழுதாக இவர் தலையில் கட்டக்கூடாது.

13. அந்தச் சட்டம் 1925-ன்னு ஒருத்தர், 1927-ன்னு இன்னொருத்தர் சொல்றாங்க?

மசோதா மன்றத்தில் நிறைவேறியது 1923-இல். எதிர்ப்பு பலமாக இருந்ததால் மேலிட ஒப்புதலுக்குப் போய்த் திரும்பி, திருத்தங்களோடு 1925-ஆம் ஆண்டின் 1-ஆம் சட்டமாக வெளிவந்தது. பிறகு, அந்தச் சட்டம் முறைப்படி நிறைவேறவில்லை என்று வழக்குகள் கிளம்பின. உள்ளடக்கத்தை விட்டு நடைமுறையில் கை வைத்த வழக்குகள். வம்பே வேண்டாம் என்று பழையதை ரத்து செய்து 1927-ஆம் ஆண்டின் 2-ஆம் சட்டமாக மறுபடி நிறைவேற்றினார்கள். பிற்காலத் தீர்ப்புகளில் பெரும்பாலும் 1927-தான் வரும்.

14. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு என்ன செஞ்சார்? எம்.சி. ராஜா ஏன் கட்சியை விட்டுப் போனார்?

செய்தவை: ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்ற சொற்களை அரசு ஆவணங்களில் நீக்கி ‘ஆதிதிராவிடர்’ என்று எழுத 1922 மார்ச் 25-இல் ஆணை வந்தது. மன்றத்தில் அதற்குத் தீர்மானம் கொண்டுவந்தவர் ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜாதான். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகங்களில் எல்லோரும் நுழையலாம் என்ற தீர்மானம் 1924-இல், இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தது. இரண்டிலும் அரசு ஒத்துழைத்தது, முன்கை எடுத்தவர்கள் அந்த இருவர். இதைப் பிரித்துச் சொல்லாமல் ‘பனகல் கொடுத்தார்’ என்று எழுதுவது சரியாகாது.

பிளவு 1921-இல் தொடங்கியது. பக்கிங்காம் கர்நாடிக் மில் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் திரும்பவில்லை. புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. நீதிக்கட்சித் தலைவர்கள் சிலர், அரசின் லேபர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுப்பதுதான் காரணம் என்று பேசினார்கள். போலீசும் லேபர் துறையும் மந்திரிகள் கையில் இல்லை (6-ஐப் பார்க்க), ஆகவே சுடச் சொன்னது பனகல் அல்ல. ஆனால் கட்சிக்காரர்கள் பேசிய பேச்சு கட்சியின் பேச்சுதான். ராஜா 1923-இல் வெளியேறினார். சாதி இந்துக்களுக்கு மட்டுமான பிராமணரல்லாதார் கட்சி என்ற குற்றச்சாட்டு அதோடு ஒட்டிக்கொண்டது.

15. நம்பிக்கையில்லாத் தீர்மானம் அவர் மேல வந்துச்சாமே? அவங்க ஆளுங்களே கொண்டுவந்தாங்களா?

ஆமாம். 1923 தேர்தல் முடிந்து நவம்பரில் அமைச்சரவை மறுபடி பதவியேற்ற சில நாட்களிலேயே, நவம்பர் 27-இல் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்பட்டது. கொண்டுவந்தவர் கட்சியிலிருந்து பிரிந்த சி.ஆர். ரெட்டி. குற்றச்சாட்டுகளில் முக்கியமானது, கட்சி ஒரு சிலரின் பிடியில் இருக்கிறது என்பது. இன்னொரு பக்கம் டாக்டர் சி. நடேச முதலியார் போன்ற தமிழ்த் தலைவர்கள் வேறு மனக்குறையில் இருந்தார்கள்: ரெட்டியார் போன பிறகு பனகல், பாத்ரோ, கே.வி. ரெட்டி நாயுடு என்று மூன்று மந்திரிகளும் தெலுங்கர்கள். கட்சிக்கு அடித்தளம் போட்ட நடேசனார் வெளியே நின்றார். கே.வி. ரெட்டி நாயுடு இடத்தில் டி.என். சிவஞானம் பிள்ளையைக் கொண்டுவந்தது இந்தக் காயத்துக்குப் போட்ட மருந்துதான்.

வாக்கெடுப்பில் தீர்மானத்துக்கு ஆதரவாக 44, எதிராக 65. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மட்டும் வாக்களித்திருந்தால் நிலைமை இத்தனை வசதியாக இருந்திருக்காது. நியமன உறுப்பினர்கள் அரசின் பக்கம் நின்றார்கள்.

16. அவர் ஆட்சியில பல்கலைக்கழகம் ஏதாவது வந்துச்சா?

1923-இல் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம். அதுவரை பெரும்பாலும் பரீட்சை நடத்திப் பட்டம் கொடுக்கும் இடமாக இருந்ததைக் கற்பித்தலும் ஆராய்ச்சியும் நடக்கும் இடமாக மாற்றுவது அதன் எண்ணம். 1926-இல் ஆந்திரப் பல்கலைக்கழகச் சட்டம். அதன் முதல் துணைவேந்தர் யார் தெரியுமா? மூன்று ஆண்டுக்கு முன் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்த அதே சி.ஆர். ரெட்டி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது 1929, இவருக்குப் பின்.

17. சித்த மருத்துவத்துக்கு அவர் என்ன செஞ்சார்?

நாட்டு மருத்துவ முறைகளை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் 1921-இல் குழு அமைந்தது. வைத்தியர்களிடம் அவரவர் மொழியில் கருத்துக் கேட்டார்கள். அதன் விளைவாக 1925-இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றும் ஒரே கூரையின் கீழ். அதற்குத் தலைமை ஏற்றவர் மேல்நாட்டு மருத்துவமும் படித்த கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியின் பூர்வகதை இங்கேதான் தொடங்குகிறது.

18. மதிய உணவு, மேட்டூர் அணை ரெண்டும் நீதிக்கட்சி சாதனைன்னு போஸ்டர் பார்த்தேன். சரியா?

மதிய உணவு: சென்னை மாநகராட்சியின் வேலை. 1920-இல் தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக்கூடாது என்பது கட்டளை. கட்சித் தலைவரின் செயல் என்று சொல்லலாம், மாகாண அமைச்சரவைச் செயல் அல்ல.

மேட்டூர்: 1925-இல் வேலை தொடங்கியபோது பனகல் பதவியில் இருந்தார், உண்மை. ஆனால் பாசனம் ஒதுக்கப்பட்ட துறை. அதைப் பார்த்தது நிர்வாகக் குழு. சர் சி.பி. ராமசாமி ஐயர் அந்தக் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்து அணைக்காக முனைந்தவர். 6-இல் சொன்ன நடுக்கோடு போஸ்டர் அடித்தவர் கண்ணில் படவில்லை.

19. 1926-ல ஏன் தோத்தாங்க? அதுக்கப்புறம் அவர் என்ன ஆனார்?

ஒரே காரணம் இல்லை. 1920-இல் எதிரே ஆள் இல்லை. 1926-இல் காங்கிரசின் தேர்தல் அணியான சுயராஜ்யக் கட்சி முழு பலத்தோடு இறங்கி 41 இடம் பிடித்தது. தியாகராயர் இறந்துவிட்டார். பதவி கிடைக்காத உள்ளூர்த் தலைவர்கள் எதிரே போய்விட்டார்கள். பத்துப் பேர் கேட்கும் நாற்காலியை ஒருவருக்குக் கொடுத்தால் ஒன்பது பேர் பகையாளி. 6-இல் சொன்ன அதே நியமன அதிகாரம் கடைசியில் அவர் மேலேயே திரும்பியது.

சுயராஜ்யக் கட்சி ஆட்சியமைக்க மறுத்தது, 21 பேரை வைத்துப் பனகலும் மறுத்தார். ஆளுநர் கோஷன், டாக்டர் பி. சுப்பராயனைச் சுயேச்சை முதல் மந்திரியாக்கினார். தொடக்கத்தில் பனகல் எதிர்க்கட்சி வரிசையில் இருந்து கடுமையாகத் தாக்கினார். 1928-இல், அரசியல் சீர்திருத்தத்தை ஆராய பிரிட்டிஷ் அரசு அனுப்பிய சைமன் கமிஷன் விவகாரத்தில் சுப்பராயனின் சக மந்திரிகள் இருவர் விலகினார்கள். அப்போது பனகல் பக்கம் மாறி அமைச்சரவையைத் தாங்கிப்பிடித்தார். கைமாறாகக் கட்சிக்காரரான எம். கிருஷ்ணன் நாயர் சட்ட உறுப்பினரானார். கொள்கை, பேரம் இரண்டையும் ஒரே கையால் செய்யத் தெரிந்த மனிதர். அதே ஆண்டு டிசம்பரில் இன்ஃபுளுயன்சா காய்ச்சலில் காலமானார்.

20. பெரியாரும் இவரும் ஒண்ணா வேலை செஞ்சாங்களா?

பனகல் பதவியில் இருந்த பெரும்பகுதி பெரியார் காங்கிரசில் இருந்தார். காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானம் எடுபடாமல் அவர் வெளியேறியது 1925 நவம்பர். அதன்பிறகுதான் நெருக்கம். எனவே 1921, 1922 ஆணைகளைப் ‘பெரியார் சொல்லிப் பனகல் போட்டது’ என்பது காலக்கணக்குக்கே ஒவ்வாது.

21. தியாகராய நகருக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

1923 வாக்கில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய குடியிருப்பு அது. பெயர்களைப் பாருங்கள்: ஊர் தியாகராயருக்கு, பூங்கா பனகலுக்கும் நடேசனாருக்கும், சாலைகள் உஸ்மான், ஜி.என். செட்டி, தணிகாசலம் செட்டி, டாக்டர் நாயர் என்று. நீதிக்கட்சிச் செயற்குழுவின் வருகைப் பதிவேட்டைத் தரையில் விரித்த மாதிரி. 15-ஆம் கேள்வியில் முறைத்துக்கொண்டு நின்ற பனகலும் நடேசனாரும் பூங்காக்களாகச் சில நிமிட நடைதூரத்தில் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் தேங்குவது ஏன் என்று கேட்பவர்கள் ‘ஏரி’ என்ற சொல்லை மறுபடி படிக்கவும்.

22. மூல ஆவணத்தைப் பார்க்கணும்னா எங்க, எப்படித் தேடணும்?

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அரசாணையைக் கேட்கும்போது எண், துறை, தேதி மூன்றும் வேண்டும். எண் ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வொரு துறையிலும் 1-இலிருந்து தொடங்கும். ‘613’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எந்தத் துறையின் 613 என்று தெரியாமல் சீட்டு திரும்பி வரும். ‘613, பொதுத்துறை, 16-9-1921’ என்று எழுதுங்கள்.

ஆணைக்கும் தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் தேடும் இடம் வேறு. மன்றத்தில் பேசியது, வாக்களித்தது எல்லாம் சட்டமன்ற நடவடிக்கைத் தொகுதிகளில் தேதிவாரியாக இருக்கும். சட்டமாக நிறைவேறியதை ஆண்டு, எண் வைத்துத் தேட வேண்டும்.

23. கடைசியா ஒண்ணு. 1951-ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணது பனகலோட ஆணையைத்தானே?

இல்லை. செண்பகம் துரைராஜன் வழக்கில் விழுந்தது மருத்துவ, பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கான ஆணை. அதில் 14 இடங்களை ஓர் அலகாக வைத்து, பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிசனர் 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் 1, முஸ்லிம் 1 என்று பிரித்திருந்தார்கள். பனகலின் இரண்டு ஆணைகளும் அரசு வேலையைப் பற்றியவை, கல்லூரி இடங்களைத் தொடவில்லை. விகிதமும் அவற்றில் கிடையாது (10-ஐப் பார்க்க). உயர்நீதிமன்றம் 1950 ஜூலையிலும் உச்சநீதிமன்றம் 1951 ஏப்ரலிலும் தீர்ப்புச் சொல்ல, அதே ஆண்டு ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) பிரிவு சேர்ந்தது. அப்போது பனகல் இறந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.